கடை நம்பரில் திறந்த கணக்குகள்

நான் ஓய்வு பெற்ற மறுவாரம், இ-சேவை மையத்தில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் சுமதி போன் செய்தாள். "அக்கா, புதுசா மெயில் ஐடி எடுத்துக் குடுக்கும்போது என்னென்ன பாக்கணும்னு ஒரு பக்கத்துக்கு எழுதித் தாங்களேன். லேமினேட் பண்ணிச் செவுத்துல ஒட்டிக்கிறோம்" என்றாள். இப்போது புதிய கைபேசி வாங்கினால் விற்கிற கடையிலேயே இரண்டு நிமிடத்தில் மெயில் திறந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அது திறக்கவில்லை என்றால் ஜனங்கள் மையத்துக்கு வருகிறார்கள். எந்தப் பெயரில், எந்தப் பிறந்த தேதியில், யாருடைய எண்ணைக் கொடுத்துத் திறந்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் சுமதிக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது.

எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

நான் தினக்குறிப்பு எழுதுகிறவள். பள்ளி நாளில் தொடங்கிய பழக்கம். கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன். அந்தப் படிப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, தேதி இல்லாத எதையும் முழுதாக நம்புவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் வருடங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதில் வருகிறவர்களில் பலர் இன்றும் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கிழமையும் மணியும் மட்டும் என் நோட்டில் உள்ளபடி.

இரு மொழியிலும் தட்டச்சு ஹையர் முடித்துவிட்டு, பேகம்பூரில் கரீம் பாயின் பிரவுசிங் சென்டரில் சேர்ந்தேன். ஆறு கம்ப்யூட்டர், இரண்டு மின்விசிறி. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தட்டச்சு தெரிந்தவளுக்கு விசைப்பலகை புதிதல்ல. மௌஸ்தான் கைக்குப் பழகவில்லை. அதுவும் ஒரு வாரத்தில் சரியாயிற்று.

கரீம் பாயைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அதே இடத்தில் பல வருடம் எஸ்டிடி பூத் நடத்தியவர் அவர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுகிறவர்களையும் சண்டை போடுகிறவர்களையும் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் கேட்காதவர்போல் ரசீது கிழிக்கப் பழகியவர். அந்தப் பழக்கத்தை அப்படியே பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுவந்தார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தவறு செய்தால் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் தேடித்தான் நமக்கு வியர்க்கும்.

மெயில் திறந்து கொடுப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாடிக்கையாளர்தான் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும்; நாங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவசரத்தில் நான் ஒருநாள் ஒரு பெரியவரின் கையை விலக்கிவிட்டுத் தட்டப் போனேன். "ஒத்தை விரல்ல தட்டினாலும் அவரே தட்டட்டும் மேரிம்மா. நீங்க தட்டினா அது உங்க மெயிலா போயிரும்" என்றார். பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், ஜாதகத்தில் உள்ள தேதி எதுவும் செல்லாது. சான்றிதழ் கொண்டுவராதவரை, எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும், போய் எடுத்து வரச் சொல்வார்.

அடுத்து, இது எதற்கு என்று கேட்பார். அதைப் பொறுத்துத்தான் எந்தச் சேவையில் திறப்பது என்று முடிவாகும். அந்த நாளில் இலவச மின்னஞ்சல் சேவைகள் பல இருந்தன. ஒன்றில் இடம் அதிகம், ஆனால் எங்கள் இணைப்பில் பக்கம் திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இன்னொன்று வேகமானது, ஆனால் சில மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் கணக்கை மூடிவிடும். விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வரும் மகனுக்குப் படம் அனுப்ப ஒன்று, வேலைக்கு விண்ணப்பிக்க ஒன்று என்று பார்த்துச் சொல்வார். கல்லூரியில் கொடுத்த முகவரியிலிருந்து வேலைக்கு எழுத வந்தவர்களிடம், "தம்பி, காலேஜ் முடிஞ்சா அந்த மெயிலும் முடிஞ்சிரும். ஆர்டர் வரும்போது வாங்கிக்க ஆளிருக்காது" என்பார். பூப்போட்ட பக்கங்களோடு அழகாக இருந்த ஒரு சிறு சேவையை நான் ஆசைப்பட்டுப் பரிந்துரைத்தேன். "யார் நடத்துறாங்க? காசு எங்கிருந்து வருது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடத்தில் அதை மூடிவிட்டார்கள்.

கடவுச்சொல் போடும் நேரம்தான் முக்கியம். அப்போது நாங்கள் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். சுவரில் ஒரு மாத நாள்காட்டி இருக்கும். "தேதி பாருங்கம்மா" என்பதுதான் திரும்பச் சொல்லி அவர் தரும் உத்தரவு. எல்லாம் முடிந்து வாடிக்கையாளர் எழுந்திருக்கும்போது விடமாட்டார். வெளியேறச் சொல்லி, மறுபடி உள்ளே நுழையச் சொல்வார். இரண்டு நிமிடத்துக்கு முன் தானே போட்ட கடவுச்சொல் மறந்து விழிப்பவர்கள் அப்போதே தெரிந்துவிடுவார்கள். நான் ஒரு நீள நோட்டில் பெயர், ஊர், அப்பா பெயர், தேதி, எந்தச் சேவை என்பதை எழுதிக்கொள்வேன். கடவுச்சொல்லுக்கு அதில் இடமே கிடையாது.

அவர் யோசனை சொல்வாரே தவிரத் தடுக்க மாட்டார். வேடசந்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் 'ரோஜாவின்ராஜா' என்று முகவரி வேண்டும் என நின்றார்.

"தம்பி, நாளைக்கு ஒரு மேனேஜர் இதை வாய்விட்டுப் படிப்பாரு. பரவாயில்லையா?"

"பரவாயில்ல பாய்."

திறந்து கொடுத்தோம். மூன்று வருடம் கழித்து அதே இளைஞர் மனைவியோடு வந்தார். மனைவியின் பெயர் ரோஜா இல்லை. "ரோஜாங்கறது எங்க வீட்டு ஆடுக்கா. அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேன்ல, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "ஆட்டுக்கு இவரு ராஜான்னா நான் யாருக்கு ராணியாம், அதையும் கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றார். புது முகவரி திறந்தோம். பெயரை அந்தப் பெண்தான் தேர்ந்தெடுத்தார். கரீம் பாய் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு மின்னஞ்சல் சேவைகள் ஒவ்வொன்றாகக் கைபேசி எண் கேட்க ஆரம்பித்தன. எண்ணைக் கொடுத்தால் அதற்கு ஒரு குறியீடு வரும். அதைப் போட்டால்தான் கணக்கு திறக்கும். எங்களிடம் வந்த பிள்ளைகளில் நிறையப் பேரிடம் போன் கிடையாது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு கேரளா லாரியில் போயிருக்கும்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கல்லூரி விண்ணப்பங்களுக்கு அன்று கடைசி நாள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. கரீம் பாய் கண் அறுவைக்காகத் திருச்சியில் இருந்தார். போன் இல்லாத ஒரு பெண் திரைக்கு முன் உட்கார்ந்து என்னையே பார்த்தது. மேசைமேல் கடையின் பட்டன் போன் கிடந்தது. அந்த எண்ணைப் போட்டேன். போன் அதிர்ந்தது, குறியீட்டை வாசித்தேன், கணக்கு திறந்துகொண்டது. இவ்வளவு சுலபமா என்றிருந்தது. அன்று மாலைக்குள் ஒன்பது பேருக்கு அப்படிச் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கரீம் பாய் கண்ணில் பச்சைத் துணியோடு வந்து நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இந்த ஒன்பது பேருக்கும் போட்ட நம்பர் யாரோடது?"

"நம்ம கடையோடது பாய்."

"அப்ப அந்த மெயில் யாரோடது?"

அவரே சொன்னார்: "உதவிதான் செஞ்சிருக்கீங்க. ஆனா பாதிதான் செஞ்சிருக்கீங்க. சிவப்பு மையில எழுதி வைங்க. ஒரு மாசத்துக்குள்ள வரச் சொல்லி அவங்க நம்பரை மாத்துங்க. வராதவங்களை நாமதான் தேடணும்."

சிவப்பு மையில் 'க.ந.' என்று எழுதினேன், கடை நம்பர் என்பதன் சுருக்கம். பக்கத்தில், மாற்றியதும் டிக் போட ஒரு கட்டம். முதல் சில மாதங்கள் தேடினோம். பிறகு வேலை கூடியது, தேடுவது குறைந்தது, கடை நம்பர் போடுவது மட்டும் நிற்கவில்லை. ஒரே எண்ணில் இத்தனை கணக்குகள்தான் என்று ஒரு சேவை கட்டுப்பாடு கொண்டுவந்ததும் அடுத்த சேவைக்குப் போனேன். யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சேவையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவள், கடை நம்பரை எது இன்னும் ஏற்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். என் வேலைக் காலத்தில் நான் தெரிந்தே செய்த தவறு இதுதான்.

கரீம் பாய் காலமான பிறகு பிள்ளைகள் கடையை மூடினார்கள். அவர்கள் சம்மதத்தோடு நோட்டுகளை நான் எடுத்துக்கொண்டேன். பட்டன் போன் அவர் வீட்டு அலமாரிக்குப் போனது. அதற்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் இ-சேவை மையத்தில் சேர்ந்தேன்.

வருடங்கள் போயின. ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். நனைந்த துப்பட்டாவோடு ஒரு பெண் மையத்துக்குள் ஓடி வந்தாள்.

"பேகம்பூர் கடையில இருந்த மேரிக்கா நீங்கதானே?"

"நான்தான். ஏன் இப்படி மூச்சு வாங்குது? உக்காரு."

"உக்கார நேரமில்லக்கா. அஞ்சு மணிக்குள்ள மெயிலத் தொறக்கணும்."

அவள் பெயர் அழகுமீனா. சின்னாளப்பட்டி. வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறார்கள். அவள் லேப் டெக்னீசியன் படித்துவிட்டு ஒரு சிறு கிளினிக்கில் வேலை பார்த்தாள். மாதக் கடைசியோடு அந்தக் கிளினிக்கை மூடுகிறார்கள். கேரளத்தில் ஒரு மருத்துவமனைக்கு நேர்முகத் தேர்வு போய்வந்திருந்தாள். காலையில் அங்கிருந்து போன். வேலைக்கான கடிதத்தை முந்தாநாளே மெயிலில் அனுப்பிவிட்டோம், சம்மதம் ஏன் வரவில்லை, இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது என்றார்களாம்.

"வேற மெயிலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா. விண்ணப்பத்துல போட்ட மெயில்லருந்துதான் சம்மதம் வரணுமாம். இல்லேன்னா லிஸ்ட்டுல அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

"போன்ல மெயில் வராதா?"

"அந்தப் போனு ஞாயித்துக்கிழமை சாயத் தொட்டிக்குள்ள விழுந்திருச்சு. எடுத்தா ஊதாக் கலர்ல இருக்கு. இது புதுசு. பாஸ்வேர்டு கேக்குது. பழைய போன்ல அது பாட்டுக்குத் தொறந்தே கெடக்கும், நான் என்னத்தக் கண்டேன்."

போனை நீட்டினாள். கடவுச்சொல் மறந்தவர்களுக்கான பக்கம் திறந்திருந்தது. '47' என்று முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது.

"நாப்பத்தேழுல முடியுற நம்பர் எங்க வீட்ல யாருக்குமே இல்லக்கா. சித்தப்பா, மாமா நம்பர் வரைக்கும் பாத்தாச்சு. ரெண்டு தடவை அனுப்பச் சொல்லி அமுக்கிட்டேன். யாருக்குப் போகுதுன்னே தெரியல."

எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மையத்து அலமாரியில் வைத்திருந்த பழைய நோட்டை எடுத்தேன். முதல் சனிக்கிழமையின் ஒன்பது பேரில் ஐந்தாவது அவள். சிவப்பில் க.ந. கட்டம் காலி.

"இது எங்க பழைய கடை நம்பர். போட்டது நான்" என்றேன்.

"எதுக்குக்கா போட்டீங்க?"

"அன்னைக்கு உன்கிட்ட போன் இல்ல."

"பெறகு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

அவள் துப்பட்டாவைப் பிழிந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறு யாருக்காவது போயிருக்கும். அந்த எண்ணுக்கு என் போனிலிருந்தே அழைத்தேன்.

"வணக்கமுங்க, ஒட்டன்சத்திரம் முருங்கை மண்டி வேலுச்சாமி பேசறனுங்க. எத்தனை மூட்டைங்க?"

யார், என்ன, எதற்கு என்று முறையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இப்ப உங்க போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும்ங்க" என்று ஆரம்பித்தேன்.

"அதை நான் உங்களுக்குச் சொல்லோணுமாக்கும்?"

"ஆமாங்க."

"ஏனுங்க, குரலைக் கேட்டா டீச்சராட்டம் இருக்குது. உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பொழப்பு?"

வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது மணியே அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்' என்று எங்கள் மையத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தட்டச்சு செய்தவள் நான்.

மேலாளரிடம் சொல்லிவிட்டு, நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பதினொன்று ஐந்துக்கு ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினோம். "வழியில எதையும் அமுக்காத. இன்னும் ரெண்டு தடவைக்கு மேல கேட்டா ஒரு நாளைக்குப் பூட்டிரும்" என்று அவளிடம் சொல்லி வைத்தேன். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் கேட்டாள்: "அவரு தரலேன்னா?"

"தப்பு என்னுதுன்னு ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிக் குடுக்குறேன்."

"எழுதிக் குடுத்தா வேலை குடுப்பாகளாக்கா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். மழையில் வண்டி ஊர்ந்தது.

மார்க்கெட்டில் முருங்கை மண்டி வேலுச்சாமி என்றதும் ஆளாளுக்குக் கை காட்டினார்கள். ஆனால் அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். சாப்பிட்டதும் தூங்குவார், மூன்று மணிக்குத்தான் வருவார் என்றார் எடை போடுகிறவர். வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி; தூங்குகிற மனிதரை எழுப்பி ஓடிபி கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். அழகுமீனா புதுப் போனில் மணியைப் பார்ப்பாள், கவிழ்ப்பாள், மறுபடி எடுத்துப் பார்ப்பாள். மூன்று பத்துக்கு ஒரு மொபெட் வந்து நின்றது. அறுபதை ஒட்டிய வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் போன்.

சொன்னேன். காலையில் பேசிய குரல் என்பதைக் கண்டுகொண்டார்.

"போன்ல கேட்டாலும் தர மாட்டேன், நேர்ல கேட்டாலும் தர மாட்டேனுங்க. எங்க மச்சான் போன மாசந்தான் இப்படிச் சொல்லிப்போட்டு அம்போன்னு நிக்கறான்."

அத்தாட்சி இருக்கிறது என்ற தைரியத்தில் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். தேதி, அவள் பெயர், சிவப்பு மை, முகப்பில் என் கையெழுத்தில் கடையின் எண். அவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"என்ற நம்பரு உங்க நோட்டுல எப்படீங்க வந்துச்சு?"

"அப்ப இது எங்க நம்பருங்க."

"நான் வாங்கி மூணு வருசமாச்சு. அதுக்கும் முன்னாடியே எழுதி வெச்சிருக்கறீங்க. டேய், எல்லாம் இங்க வாங்கடா!"

எடை போடுகிறவர், மூட்டை தூக்குகிறவர்கள், பக்கத்து மண்டிக்காரர் என்று ஆட்கள் கூடிவிட்டார்கள். போலீசுக்குச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். என் நோட்டு எனக்கே எதிராகச் சாட்சி சொல்லும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதுவரை வாய் திறக்காத அழகுமீனா எழுந்தாள்.

"அண்ணே, திருடுறவக மழையில நனைஞ்சு, பஸ் ஏறி, சோறு தண்ணியில்லாம உங்க முருங்கை மூட்டைமேல மூணு மணி நேரம் உக்காந்திருப்பாகளா? திருடணும்னா வீட்ல உக்காந்துக்கிட்டே திருட மாட்டமா? இம்புட்டுக் கஷ்டப்பட்டுத் திருடுற அளவுக்கா நாங்க மக்கு?"

மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். வேலுச்சாமிக்கும் உதட்டோரம் அசைந்தது. மொபெட்டில் சாய்ந்துகொண்டு யோசித்தார்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதானுங்க சட்டம்?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப நான் சொல்லலீங்க. உன்ற போனை இங்க குடு கண்ணு. நானே போடறேன். பேங்கு மெசேஜா இருந்தா ரெண்டு பேரும் ஒடனே நடையைக் கட்டோணும்."

நான் இத்தனை வருடத்தில் கேட்ட விதிகளில் இதற்கு இணையாக ஒன்றைக் கேட்டதில்லை. அழகுமீனா பொத்தானை அழுத்தினாள். அவர் சட்டைப் பையில் ஒலி வந்தது. எடுத்தார், தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். கண்ணாடி வீட்டில் இருந்தது. பக்கத்து மண்டிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அது சரிப்படவில்லை. படித்துச் சொல்ல ஆள்கள் தயாராக இருந்தார்கள். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் போட்டு முடிப்பதற்குள் குறியீடு காலாவதியாகிவிட்டது.

அழகுமீனா என்னைப் பார்த்தாள். இன்னும் ஒரு முறை கேட்கலாம். அதற்கு மேல் பூட்டிக்கொள்ளும்.

"கண்ணாடி வரட்டும்" என்றேன்.

மொபெட்டில் ஆள் போனார். திரும்பி வந்தபோது மூன்று ஐம்பத்தைந்து. இரண்டாவது குறியீடு வந்தது. வேலுச்சாமி கண்ணாடியை மாட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒற்றை விரலால் ஆறு எண்களையும் போட்டார். போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். புதிய கடவுச்சொல் கேட்டது. அதை அவள் போட்டபோது அத்தனை பேரையும் திரும்பி நிற்கச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்களும் திரும்பி நின்றார்கள்.

கடிதம் இருந்தது. மேலிருந்து நான்காவது. அதற்குள்ளிருந்த சம்மதப் பொத்தானை நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு அழுத்தினாள். கிடைத்தது என்று மருத்துவமனையிலிருந்து பதில் வரும்வரை அவள் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். நான்கு பதினொன்றுக்கு வந்தது. அவள் கீழே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. எழுப்பி, கடை நம்பரை நீக்கி அவளுடைய எண்ணைப் போட வைத்து, வெளியேறி மறுபடி நுழையச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கட்டத்தில் டிக் போட்டேன்.

வேலுச்சாமி டீ வரவழைத்தார். டீ குடிக்கும்போது அவர் சொன்னதுதான் என்னை அடித்தது.

"இந்த மாதிரி வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்துட்டேதான் இருக்குதுங்க. களவாணிப் பசங்கன்னு நெனச்சு அழிச்சுப் போடுவேன்."

அழிக்க மறந்தவற்றைக் காட்டினார். வேறு வேறு சேவைகள், வேறு வேறு நாட்கள், ஒவ்வொன்றிலும் ஆறு எண்கள். எந்தச் செய்தியிலும் பெயர் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் யாரோ ஒருவர், வராத குறியீட்டுக்குக் காத்திருந்து, பிறகு கைவிட்டிருக்கிறார். எல்லாரும் என் சிவப்பு மைக்காரர்கள்.

"நம்பரைத் திருப்பிக் குடுங்கன்னு மட்டும் கேட்டறாதீங்க. எர்ணாகுளம் வரைக்கும் லாரி ஆபீசு பூராவும் இந்த நம்பருதானுங்க."

"கேக்க மாட்டேங்க. இனிமே வந்தா அழிக்காதீங்க. எனக்கு ஒரு போன் போட்டு, வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நம்பரைச் சொல்ல வேண்டாம்."

"கேட்டாலும் சொல்ல மாட்டனுங்க" என்றார்.

மறுநாளிலிருந்து நோட்டில் டிக் விழாத பெயர்களைத் தனியாக எழுதித் தேட ஆரம்பித்தேன். ஊரும் அப்பா பெயரும் இருந்ததால் முடிந்தது. போன் கிடைத்தவர்களுக்குப் போன். கிடைக்காதவர்களுக்கு அஞ்சலட்டை. சில ஊர்களுக்கு அங்குள்ள சர்ச்சின் பங்கு அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்பினேன். பெரும்பாலானவர்கள் கடவுச்சொல் தெரிந்தவர்கள். மையத்துக்கு வந்து எண்ணை மாற்றிக்கொண்டு போனார்கள். சிலர் அந்தக் கணக்கே வேண்டாம் என்றார்கள். அதையும் தேதி போட்டு எழுதினேன். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு வேறு வழியில்லை, நேரில் போக வேண்டும். வேலுச்சாமி விதியை மாற்றவே இல்லை. இதுவரை ஏழு பேர் அவர் மண்டிக்குப் போய், அவர் கையால் குறியீடு போடவைத்து, ஆளுக்கு ஒரு கட்டு முருங்கைக்காயோடு திரும்பியிருக்கிறார்கள்.

சுமதி, நீ கேட்ட ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான் எழுத முடியும்: எந்தச் சேவையாக இருந்தாலும், மீட்கும் எண் அவர்களுடையதாக இருக்கட்டும். அவர்களிடம் எண் இல்லை என்றால், எண் வந்த பிறகு வரச் சொல். அன்றைக்குக் கடைசி நாளாக இருந்து உன் எண்ணையோ மையத்தின் எண்ணையோ போட்டே ஆக வேண்டுமென்றால் போடு, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்தக் கட்டத்தில் டிக் விழும்வரை அந்த வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்.

என்னுடையது இன்னும் முடியவில்லை. பதினொரு பெயர்கள் மீதி. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு வேலுச்சாமி கூப்பிட்டார்.

"மேரிக்கா, இப்பத்தானுங்க ஒண்ணு வந்துச்சு. யாருன்னு தெரியல."

எனக்கும் தெரியாது. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பதினொரு பேரில் புதிதாகப் போன் எண் கிடைத்திருந்தவர்களை வரிசையாக அழைத்தேன். முதல் ஆள் வயலில் இருந்தார். இரண்டாவது எடுக்கவில்லை. மூன்றாவது, நிலக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பெண். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஹலோ, யாரு?"

"பேகம்பூர் பிரவுசிங் சென்டர்ல இருந்த மேரி பேசுறேன்மா. நீங்க இப்ப மெயிலுக்குள்ள போகப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

மறுமுனையில் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதைப் பஸ்ஸுல சொல்றேன். ஒட்டன்சத்திரம் வரைக்கும் வர முடியுமா?"